கீழ்ப்பிடிக்காரரின் தொடை

மூன்றாம் மாடிக்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கிய முதல் நாள், எத்தனை வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததோ தெரியாது. கட்டடமே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு நட்டநடுவில் இருக்கிறது. எல்லா வீட்டு வாசலும் அதைப் பார்த்தபடிதான். அடுத்த வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், கட்டியவரைப் போய்க் கேளுங்கள் என்போம். லிஃப்டுக்கென்று விட்ட குழியில் ஓட்டை சைக்கிள்கள் நிற்கின்றன.

இறக்கிய அழகைச் சொல்லியாக வேண்டும். மேலே அவருடைய மச்சான், கீழே அவருடைய கூட்டாளி, நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நெட்டை ஒல்லிப் பையன். நாற்காலியைச் சுற்றிப் பட்டை பெல்ட். திருப்பத்தில் சுவர் உரசாமலிருக்க அவர் தோளில் ஒரு பழைய போர்வை.

“சாய்... சாய்... நிறுத்து. உன் பக்கம் கொஞ்சம் கொண்டா. மாமா, கைய உள்ள வைங்க.”

“வெச்சுட்டேன்டா.”

“முழங்கை இடிக்குதே.”

“அது சுவரு. முழங்கை இங்க இருக்கு.”

ஒரு கீறல் இல்லாமல் தரையில் வைத்தபோது இரண்டாம் மாடி டீச்சர் கை தட்டிவிட்டார். அதில் எங்களில் யாரும் ஒரு தப்பும் காணவில்லை. ‘எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு’ என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். படவில்லை. எல்லாரும் ரசித்தோம்.

அவர் வீடு மாற்றுகிறவர்களின் சாமான் தூக்குகிறவர். பீரோவை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மேல்பிடி பிடிக்கிறவன் வழி பார்ப்பான், திருப்பச் சொல்வான், சத்தம் போடுவான். கீழ்ப்பிடி பிடிக்கிறவன் பேச மாட்டான்; பேச மூச்சு இருக்காது. எடை முழுதும் சரிந்து வந்து அவன்மேல்தான் உட்காரும். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, தொடையால் தாங்க வேண்டும். இவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கீழ்ப்பிடிதான். அரைக்கால் சட்டையில் அவர் படியேறும்போது அந்தத் தொடைகளைக் கட்டடத்துப் பெண்கள் பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

மழை பிடித்த மாதம். யாரோ வீட்டு மூன்று கதவு பீரோ, கண்ணாடி பதித்தது. இறக்கும்போது ஈரப் படியில் கால் வழுக்கியது. மற்றவனாக இருந்தால் பீரோவை விட்டிருப்பான். இவர் விடவில்லை. முழங்கால் மடங்க, தொடை மடங்கவிடாமல் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட தசைநார் முழங்கால் சில்லுக்கு மேலே அறுந்துபோனது. பழைய வேட்டி கிழிகிற சத்தம் கேட்டது என்று மச்சான் சொன்னான். பீரோவின் கண்ணாடி உடையவில்லை. ஆஸ்பத்திரியில் அறுந்ததைத் தைத்து, காலை நீட்டினபடியே கட்டி அனுப்பினார்கள்.

கட்டைப் பிரித்த அன்று அதற்குள்ளிருந்து வேறு யாருடைய காலோ வந்தது.

“இது நம்ம காலே இல்லைங்க. மாத்திக் குடுத்துட்டாங்க” என்றாள் அவர் மனைவி. அவளை நாங்கள் கேன்டீன் அக்கா என்போம். மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை. நாலு பேர் நகர்த்தும் சோற்றுக் குண்டானை ஒற்றை ஆளாக இறக்கி வைப்பவள். அந்த வீட்டில் எல்லாருமே தூக்குகிறவர்கள். நகராத ஒரு பொருளைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

அப்படித்தான் அவரையும் தூக்க ஆரம்பித்தார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து ஜன்னலுக்கு. காலை ஊன்றி நடக்கலாம், மெதுவாகப் பழக்குங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அவர் எழுந்து நிற்கப் பார்ப்பதற்குள் மச்சானின் கை அக்குளுக்கு அடியில் போய்விடும். “நான் இருக்கறப்ப நீங்க எதுக்கு மாமா?” அன்றைக்கு மேல்பிடி அவனுடையது. மெதுவா என்று தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் உறுத்தல். அந்த உறுத்தலை அவன் கையால் தீர்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மழை பெய்வதும் நிற்பதும் அங்கிருந்து பார்த்தால் யாரோ திரையை இழுத்து மூடித் திறப்பதுபோல் இருக்கும். மத்தியானங்களில் கேன்டீனிலிருந்து அக்கா கொண்டுவந்த சோறும் முட்டையும் தின்றுவிட்டு, கண் பாதி மூடிக்கொண்டு கிடப்பார். கீழே சைக்கிள் மணி கேட்டாலும் அது வேறு ஊரில் கேட்பதுபோல ஒரு முகம். அந்த முகத்தை நாங்கள் வலி என்று நினைத்தோம்.

பிறகு பிசியோ பெண் வந்தாள். ஸ்கூட்டர், மழைக்கோட்டு, சின்ன உருவம். ஒரு துண்டைச் சுருட்டி அவர் முழங்காலுக்கு அடியில் வைத்தாள்.

“அண்ணே, இத அமுக்குங்க. காலத் தூக்க வேணாம். முட்டியால துண்ட கீழ அமுக்கணும், அவ்ளோதான்.”

அவர் அமுக்கினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நல்ல காலின் கட்டைவிரல்கூட மடங்கியது. அந்தத் தொடை மட்டும் வாடகைக்கு வந்த மாதிரி பேசாமல் கிடந்தது. அக்கா, மச்சான், ஒட்டடைக்குச்சி மூன்று பேரும் குனிந்து, வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செத்துப்போச்சா?” என்றாள் அக்கா.

“தூங்குது. அடிபட்ட மூட்டுக்குப் பக்கத்துல இருக்கற சதைக்கு மூளை கொஞ்ச நாள் தந்தி அடிக்காது. அது பாட்டுக்குத் தூங்கிடும். நாமதான் எழுப்பணும்.” பையிலிருந்து நீல மார்க்கர் பேனாவை எடுத்தாள். “வரைஞ்சு காட்டட்டுமா?”

“எங்க வரைவ?”

“இங்கதான்.”

அக்கா பேனா முனையை உற்றுப் பார்த்தாள். “குளிச்சா போயிடுமில்ல?”

பிசியோ பெண் அவர் தொடையில் வரைந்தாள். முன்பக்கம் நாலு பட்டை. “இது நடுவுல வர்றது. இடுப்பெலும்புலேர்ந்து நேரா இறங்குது. இடுப்பையும் மடக்கும், முட்டியையும் நீட்டும். ரெண்டு இடத்துல வேலை பாக்கற ஆளு. மத்த மூணும் இந்தத் தொடை எலும்பிலேயே பொறந்து வளர்ந்ததுங்க. நாலும் கீழ வந்து ஒண்ணா முறுக்கிக்கிட்டு, இந்தச் சில்லப் பிடிச்சு, அதத் தாண்டி முட்டிக்குக் கீழ இருக்கற எலும்புல போய் ஒட்டுது. இதோ, உங்களுக்கு அறுந்தது இங்க.”

“நாலு கயிறும் ஒரே முடிச்சு” என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

“அதேதான். முட்டிக்கு மேல உள்பக்கம், மழைத்துளி மாதிரி ஒண்ணு உருண்டு நிக்கும் பாருங்க, நல்ல கால்ல இருக்கு. இந்தக் கால்ல காணோம். முட்டிய முழுசா நீட்டிப் பூட்டறப்ப சில்லு வெளிப்பக்கம் விலகாம இழுத்துப் பிடிக்கறது அதுதான். மொதல்ல கரையறதும் அதுதான்.”

பின்பக்கம் மூன்று என்றாள். உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டிக்குக் கீழே போய்ப் பிடித்திருக்கும். முட்டியை மடக்கும், குனிந்த இடுப்பை நிமிர வைக்கும். உள்தொடையில் ஒரு கூட்டம். இரண்டு காலையும் ஒன்றாக இழுத்து வைப்பதற்கு. கடைசியாக இடுப்போரத்திலிருந்து குறுக்கே சரிந்து உள்முட்டிவரை ஒரே கோடாக இழுத்தாள். “உடம்புலேயே நீளமான சதை. காலைக் குறுக்க மடக்கி உக்கார்றதுக்கு உதவும்.”

“நீளம் ஜாஸ்தி, வேலை கம்மி” என்றான் மச்சான். “நம்ம ஒட்டடைக்குச்சி.”

“டேய், நான் இல்லாம நீ சம்மணம் போட்டுடுவியா?” என்றான் ஒட்டடைக்குச்சி. இந்த மாதிரி பேச்சில் அவன் எப்போதாவதுதான் ஜெயிப்பான்.

அன்று சாயங்காலம் சர்க்கரை கடன் கேட்டு அந்த வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமலிருப்பது மரியாதை. எல்லாரும் படத்தைப் பார்த்தோம். ஓர் இளம்பெண் ஓர் ஆண்பிள்ளையின் தொடையில் நீல மையால் எழுதியிருக்கிறாள் என்றால், சர்க்கரை தீர்ந்துபோவது இயற்கைதானே.

அடுத்த தடவை அவள் வந்தபோது படியில் நாற்காலி ஊர்வலம் எதிரே வந்தது. முடி வெட்டிக்கொள்ள அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன இது?”

“மாமாவ இறக்கறோம்” என்றான் மச்சான், பெருமையாக.

“எத்தனை நாளா?”

“கட்டுப் பிரிச்சதுலேர்ந்து. ஒரு இடி, ஒரு சிராய்ப்பு இல்ல. வேணும்னா பாத்துக்கங்க.”

“அதான் அது தூங்குது! நான் எழுப்பிட்டுப் போறேன், நீங்க தாலாட்டறீங்க. தூக்கினா அந்தச் சதைக்கு என்ன வேலை? இப்படியே போனா தைச்ச இடம் இறுகும், மிச்ச சதையும் கரைஞ்சுடும். அப்புறம் இந்த நாற்காலிதான் அவருக்குக் கால்.”

மச்சான் முகம் தொங்கிப்போனது. “அப்ப அவர் விழுந்தா?”

“பக்கத்துல நில்லுங்க. பிடிக்காதீங்க.”

“பக்கத்துல நின்னு பிடிக்காம இருக்கறது எங்க தொழில்ல கிடையாதுங்க.”

அன்றிலிருந்து வீட்டுக்குள் தூக்குவது நின்றது. மாடிப்படிக்கு மட்டும் நாற்காலி. துண்டை அமுக்கும் வேலை காலையும் மாலையும் நடந்தது. பிசியோ பெண் விரலால் தட்டித் தட்டிக் கூப்பிடுவாள்: “இங்க வாங்க, இங்க.” ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், முட்டிக்கு மேலே உள்பக்கம் தோலுக்கடியில் ஏதோ புரண்டது. தூக்கத்தில் குழந்தை உதடு அசைப்பதுபோல. “ஐயோ, அசையுது!” என்று அக்கா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அது ஏற்கனவே நின்றிருந்தது.

பிறகு தொடை நாளுக்கு நாள் தடித்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சுவரோரமாக நடந்தார். ஆனால் படிக்கட்டு வாசலுக்கு வந்தால் நின்றுவிடுவார். பிசியோ பெண் எவ்வளவோ சொன்னாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குப் பெரிய வேலை. ஏறும்போது சதை சுருங்கித் தூக்குகிறது, இறங்கும்போது நீண்டுகொண்டே பிடிக்க வேண்டும்.

“தெரியும்மா. கயித்துல பீரோ இறக்கற மாதிரி. விடவும் விடணும், பிடிக்கவும் பிடிக்கணும்.”

“தெரியுதுல்ல? வாங்க, ஒரு படி.”

“நாளைக்குப் பாக்கலாம்.”

அவர்களுக்கு வேலை கொடுக்கும் லாரிக்காரர் வேறு கீழ்ப்பிடி ஆள் தேடுவதாக ஒட்டடைக்குச்சி வந்து சொன்னான். அதற்கும் அவர் “அப்படியா” என்றதோடு சரி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணே,” என்றாள் அவள் ஒருநாள், மழைக்கோட்டைப் போட்டபடியே. “சதை முழிச்சாச்சு. நீங்கதான் முழிக்கல. உங்களுக்குப் படி இறங்க இஷ்டம் இருக்கா, இல்லையா?”

அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். பிறகு சொன்னது கதவு இடுக்கு வழியாக எதிர்வீட்டுக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்தது.

“பதினாறு வயசுலேர்ந்து அடியிலதாம்மா நின்னேன். எது வந்தாலும் எம்மேலதான் வந்து உக்காரும். கழுத்த நிமித்திப் பாத்தா பீரோவோட அடிப்பலகைதான் தெரியும். இந்தப் பசங்க மொதநாள் என்னத் தூக்கினப்போ, காலு ரெண்டும் அந்தரத்துல தொங்குது. உடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சு. படி பாட்டுக்கு மேல போவுது, நான் பாட்டுக்குக் கீழ போறேன். திருப்பத்துல ஒரு ஜன்னல் இருக்கே, அதுல வானம் தெரியும்னு எனக்கு இத்தனை வருசமா தெரியாதும்மா.” கொஞ்சம் சிரித்தார். “தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். இறங்கிட்டா, இன்னொரு தரம் யார் தூக்கப் போறாங்க?”

பிசியோ பெண் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுக்களையில் இருந்த அக்காவும் கேட்டாள். அன்று அவள் பாத்திரம் கழுவிய சத்தத்தில் எத்தனையோ அர்த்தம் சொன்னார்கள். கோபம் என்றார்கள் சிலர். கோபமில்லை என்று, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் காலையில் தெரிந்தது.

ஒட்டடைக்குச்சி வரவில்லை. மச்சான் படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். “மாமா நடந்தே வரட்டுமேக்கா? பிசியோ சொல்றாங்கல்ல?”

“அவர் நடக்க வேணாம்.” அக்கா புடவையை இழுத்துச் செருகினாள். “நீ மேல பிடி. நான் கீழ பிடிக்கறேன்.”

“நீயா? பைத்தியமா உனக்கு?”

“இந்த வீட்டு அரிசி மூட்டைலேர்ந்து என் பிரசவச் செலவு வரைக்கும் தூக்கிச் சுமந்தது அவருதான். அவருக்கு ஆசையா இருக்கு. இருக்கட்டுமே. என்ன கொறஞ்சுபோச்சு?”

“ஏய், வேணாம்” என்றார் அவர்.

“நீங்க உக்காருங்க. சரக்கு பேசக் கூடாது.”

நாங்கள் எல்லாரும் வாசலில். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. அவர் நாற்காலியில் கீழ்நோக்கி உட்கார்ந்திருந்தார்; அவசரத்தில் யாரும் பெல்ட் போடவில்லை. அக்கா அவரைப் பார்த்தபடி, நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாக ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினாள். குண்டான் தூக்குவது வேறு. அதைச் சமதரையில் நின்று தூக்கி, சமதரையில் வைக்கலாம். படியில் கீழ்ப்பிடி பிடிக்கும்போது ஒரு கால் எப்போதும் தனியாக நிற்க வேண்டும். அவளுடையது விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்ற கால்.

திருப்பத்தைத் தாண்டியதும் அவர் முகத்திலிருந்த அந்தப் பாதித் தூக்கம் போனது. நாற்காலிக் கால் வழியாக ஒரு நடுக்கம் ஏறி அவருக்கு வந்திருக்கிறது.

“உன் தொடை ஆடுது.”

“ஆடல.”

“ஆடுதுடி. எனக்குத் தெரியாதா? மாப்ளே, நிறுத்து. இறக்கு.”

“பேசாம வாங்க” என்றாள் அக்கா. அடுத்த படிக்குக் கால் போனது. நின்ற கால் பின்தொடையில் வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. “அம்மா!” என்றாள், நாற்காலியின் முன்பக்கம் சரிந்தது.

பிறகு நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னாலும், அவர் யோசித்துச் செய்யவில்லை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எடை சரிந்தால் கீழ்ப்பிடிக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தார். இடக்கால் ஒரு படியில் இறங்கியது, தைத்த கால் அதற்கடுத்த படியில். ஒரு கை கம்பியில், ஒரு கை அக்காவின் முதுகில். அவர் இழுத்த இழுப்பில் அவள் பாரம் முழுதும் அவர் மார்பில் வந்து சாய்ந்தது. முழங்கால் மடங்கப் போய், மடங்காமல், மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்து, நடுவில் நின்றது. ஈ உட்கார்ந்த குதிரையின் தோல்போல அந்தத் தொடை முழுதும் சிலிர்த்து ஆடியது. மழைத்துளிச் சதை கல்லாக உருண்டு நின்றது. மேலே மச்சான், சட்டென்று எடை போய்விட்ட நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு படியில் மல்லாந்து கிடந்தான்.

கட்டடம் மொத்தமும் கையை நீட்டியது.

“யாரும் தொடாதீங்க” என்றார் அவர்.

முட்டி மெதுவாக நிமிர்ந்து பூட்டிக்கொண்டது. அக்காவைப் படியில் உட்கார வைத்தார். தானும் கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கி, அவள் எதிரே நின்றார்.

“காலை நீட்டு. மடக்காத. பாதத்த உன் பக்கமா இழு. இன்னும். பின்னால மூணு இருக்கு, அதுல ஒண்ணு சுருண்டுக்கிச்சு. நீட்டினாத்தான் விடும்.”

“வலிக்குதுங்க.”

“வலிக்கும். தூக்கத் தெரியாம தூக்கினா?”

“நீங்க ஆசப்பட்டீங்களேன்னுதான்...”

“ஆசப்பட்டேன்” என்றார். அவள் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தொடையும் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒட்டடைக்குச்சி மூச்சிரைக்க ஏறி வந்தான். “லாரி பஞ்சர்! நான் என்ன பண்ண... ஐயோ, அண்ணன் நிக்கறாரு!”

“நிக்கறது இருக்கட்டும். அக்காவால நடக்க முடியாது. வீட்டுக்குத் தூக்கு” என்றார் அவர்.

“என்னையா? எதுக்கு? நான் என்ன பீரோவா?”

“ஃப்ரிட்ஜ்” என்றான் மச்சான், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு. “டபுள் டோர்.”

“வாய ஒடச்சுடுவேன்டா. ஏங்க, சொல்லுங்க இவனுங்ககிட்ட. டாக்டர் பாக்கணும், நேரமாச்சு...”

“டாக்டர் நாளைக்கும் இருப்பாரு. ஏறு.”

நாற்காலியில் உட்கார வைத்துப் பெல்ட்டை இறுக்கும்வரை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். தூக்கியதும் இரண்டு கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் கம்பிப் பக்கமாகப் பின்னாலேயே ஏறினார். பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தபடி நல்ல கால் முதலில், பிறகு தைத்த கால் வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு ஒரு மூச்சு. திருப்பத்தில் போர்வையைச் சுருட்டி அவள் தோளில் வைத்து மச்சான் சாய்த்தான். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் திட்டுவதை நிறுத்தினாள். ஒரு காலிலிருந்து செருப்பு நழுவிப் படிப்படியாகக் கீழே போனது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டுக் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“டேய்,” என்றாள், மெல்ல. “அவசரப்படாதீங்கடா. அவர் ஏறி வரட்டும்.”

அவருக்காகத்தான் சொன்னதாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அவர் எங்கே வருகிறார் என்று கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் நாங்களும் நம்பியிருப்போம்.